செய்யுளும் செய்தவரும்: படைப்பின்வழித் தன்னை அறிதல்

படைப்பிலக்கியப் பயிலரங்குகளில் இளையோர்க்கு அடிக்கடி வழங்கப்படும் அறிவுரை ஒன்று உண்டு. "உன் உள்ளத்தில் இருப்பதை அப்படியே எழுது" என்பது அது. கேட்பதற்கு இனிய இவ்வறிவுரை ஒரு கருத்தைத் தன்னுள் மறைத்து வைத்திருக்கிறது. எழுதுபவரின் தன்னியல்பு முன்னரே முழுமையாக உருப்பெற்று உள்ளே இருக்கிறது என்பதும், கலை அதனை வெளியே எடுத்து வைக்கும் கருவி மட்டுமே என்பதும் அக்கருத்தாகும். இதனை நம்பி வெள்ளைத்தாளின் முன் அமரும் மாணவர் உள்ளே தேடிப் பார்க்கிறார். ஒன்றும் அகப்படுவதில்லை. சொல்வதற்குத் தம்மிடம் எதுவும் இல்லை என்று முடிவு செய்துகொண்டு எழுதுகோலை வைத்துவிடுகிறார். குறை அவரிடம் இல்லை, அவருக்குச் சொல்லப்பட்ட அறிவுரையில் இருக்கிறது என்பதே நம் துணிபு.

தமிழ் இலக்கணமும் தமிழ்க் கவிதை மரபும் இதற்கு நேர்மாறான வழியைக் காட்டுகின்றன. பிறர் ஒருவரின் வாயால் பேசி, ஓர் உருவத்தைச் செய்து முடித்த பிறகே செய்தவர் தம்மைக் காண்கிறார் என்பது அம்மரபிலிருந்து நாம் பெறக்கூடிய பாடம். இவ்வுரையில் 'நாம்' என்று கூறுமிடமெல்லாம் கேட்போரையும் உளப்படுத்திய பன்மையாகவே கொள்க. கேட்பவரைச் சேர்க்கும் 'நாம்', அவரை விலக்கும் 'நாங்கள்' என்ற வேறுபாட்டைத் தமிழ் வைத்திருக்கிறது. ஆங்கிலத்திற்கு அந்த வசதி இல்லை.

முதலில் சில சொற்களைக் காண்போம். கவிதைக்குத் தொல்காப்பியர் வழங்கும் பெயர் 'செய்யுள்'. செய் என்னும் வினையடியிலிருந்து பிறந்த இச்சொல் செய்யப்பட்டது என்றே பொருள்படும். உணரப்பட்டது என்றோ வெளிப்பட்டது என்றோ அதற்குப் பெயரிடவில்லை. 'யாப்பு' என்பதும் அத்தகையதே. யாத்தல் என்றால் கட்டுதல். மட்குடம் வனைவதற்கும் மாலை தொடுப்பதற்கும் அருகில் கவிதையை நிறுத்தும் சொற்கள் இவை.

அடுத்து, 'நான்' என்று பேசுபவரைக் குறிக்க நம் இலக்கணம் வைத்த பெயரைக் காண்போம். மூவிடங்களுள் முன்னிலை என்பது முன்னே நிற்பது. படர்க்கை என்பது அவ்விடத்தினின்றும் படர்ந்து அகன்றது. 'தன்மை' என்பதோ தன் என்பதனோடு மை என்னும் பண்புப்பெயர் விகுதி சேர்ந்து அமைந்தது. 'தன்' என்பது 'தான்' என்னும் சொல் வேற்றுமை ஏற்கும்போது கொள்ளும் வடிவம். ஆனால் 'தான்' தன்மைச் சொல்லே அன்று. அது படர்க்கைக்கு உரியது. நன்னூலார் தான், தாம் என்பவற்றை உயர்திணைக்கும் அஃறிணைக்கும் பொதுவான பெயர்களுள் வைத்து எண்ணுவார். ஆகவே, 'நான்' என்னும் இடத்திற்குத் தமிழிலக்கணம் இட்ட பெயரே ஒரு படர்க்கைச் சொல்லிலிருந்து பிறந்திருக்கிறது.

'தான்' என்பது வாக்கியத்தில் எவ்வாறு இயங்குகிறது என்பதையும் நோக்குக. "கண்ணன் தான் தோற்றுவிட்டதாகச் சொன்னான்" என்னும் தொடரில், தான் என்பது கண்ணனைச் சுட்டுகிறது. அவ்விடத்தில் 'அவன்' என்று இட்டால் தோற்றவன் வேறொருவனாகவும் இருக்கலாம். முன்னரே பெயர் கூறப்பட்ட ஒருவரைத் திரும்பி நோக்குவதே 'தான்' என்பதன் பணி. நோக்குவதற்கு வேறொரு பெயர் இல்லையெனில் அதற்குப் பொருள் நிரம்புவதில்லை. (கண்ணனோடு சேர்த்து எழுதினால் அதே ஒலி தேற்ற இடைச்சொல்லாகிவிடும். மாணவர் கட்டுரைகளில் இடைவெளி விட மறப்பதால் எத்தனை பேர் தோற்றுப் போகிறார்கள் என்பதை ஆசிரியர்கள் அறிவர்.) சொற்பிறப்பைக் கொண்டு மெய்யியல் முடிவுகளுக்குத் தாவுதல் மொழியியலாளர்க்கு அழகன்று. எனவே இதனைச் சான்றாக வைக்காமல், நோக்கும் திசையைக் காட்டும் கைகாட்டியாக மட்டும் வைத்துக்கொள்வோம். சான்று அகப்பாடல்களில் இருக்கிறது.

அகத்திணைப் பாடல்களில் தலைமக்களின் இயற்பெயரைச் சுட்டிக் கூறலாகாது என்பது தொல்காப்பியர் வகுத்த விதி. பேசுவோர் தலைவி, தோழி, செவிலி, நற்றாய், தலைவன், பாங்கன், பரத்தை, கண்டோர் எனப் பொதுப்பெயர்களாலேயே அறியப்படுவர். பாடலை இயற்றிய புலவர் அதற்குள் தம் வாயால் பேசுவதில்லை. அவர் எப்போதும் ஒருவரது கூற்றை ஏற்றுக்கொள்கிறார். யார் பேசுகிறார், யாரிடம் பேசுகிறார், எந்நிலத்தில், எப்பொழுதில், எத்தகைய இக்கட்டில் பேசுகிறார் என்பவை அனைத்தும் முடிவு செய்யப்பட்ட பின்னரே முதற்சொல் எழுகிறது. 'உள்ளத்தில் இருப்பதை எழுது' என்னும் அறிவுரைக்கு இதைவிட எதிரான ஏற்பாடு இருக்க இயலாது. ஆயினும் உலக இலக்கியத்தில் உள்ளத்தை மிக நுண்மையாகக் காட்டிய பாடல்களுள் இவையும் அடங்கும்.

வெள்ளிவீதியாரை எடுத்துக்கொள்வோம். குறுந்தொகையின் 58ஆம் பாடல் அவருடையது. அது தலைவன் கூற்று. காதலால் மெலிந்த தலைவனைப் பாங்கன் இடித்துரைக்கிறான். தலைவன் மறுமொழி கூறுகிறான். வெயிலில் காய்ந்த பாறையின்மேல் வெண்ணெய் வைக்கப்பட்டிருக்கிறது. அதற்குக் காவல் இருப்பவனுக்குக் கைகள் இல்லை. வாய் பேசவும் இயலாது. வெண்ணெய் உருகிப் பரவுவதைத் தன் கண்களால் மட்டுமே அவன் காத்துக்கொண்டிருக்கிறான். தன் நோயும் அவ்வாறே பரவிவிட்டது என்கிறான் தலைவன்.

இப்பாடலை இயற்றியவர் பெண்பாற் புலவர் என்பதை நினைவிற் கொள்க. கணவனைப் பிரிந்து அவரைத் தேடி அலைந்தவர் என்று மரபு அவரைப் பற்றிக் கூறுகிறது. அத்தகைய பெண் தலைவியின் கூற்றில் பாடியிருந்தால் நாம் வியந்திருக்க மாட்டோம். அவ்வாறு பாடிய பாடல்களும் அவருக்கு உண்டு. ஆனால் கையற்ற நிலையின் கொடுமைக்குத் தமிழில் அமைந்த மிகச் சிறந்த உவமைகளுள் ஒன்றை அவர் ஓர் ஆணின் வாயில் வைத்துச் செய்திருக்கிறார். இங்கே நாம் சற்று நின்று எண்ண வேண்டும். உருகும் வெண்ணெயும் கையில்லா ஊமனும் அவருடைய 'உள்ளத்தில் இருந்தவை' அல்ல. உள்ளத்தில் இருந்தது ஒரு பெயரற்ற அழுத்தமாக இருந்திருக்கலாம். நண்பனுக்கு விடை சொல்ல வேண்டிய ஓர் ஆணின் நிலையில் தம்மை நிறுத்தி, அவன் என்ன சொல்லக்கூடும் என்று தேடியபோதுதான் அவ்வுருவம் கிடைத்திருக்கும். கிடைத்த பின்னரே, தமக்கு நேர்ந்தது இன்னது என்பது அவருக்கும் தெளிவாகத் தெரிந்திருக்கக்கூடும். துன்பம் என்றோ பிரிவு என்றோ பெயரிட்டு அதனை முன்பே அறிந்திருக்கலாம். ஆனால் கண்முன்னே அழிவதைக் காண முடிந்தும் தடுக்க முடியாமையே அதன் உட்பொருள் என்பதை அந்தப் பாறைதான் காட்டுகிறது.

இன்னொரு செய்தியும் இங்கே கருதத்தக்கது. அகநானூற்று 45ஆம் பாடலும் வெள்ளிவீதியாருடையதே. அதில் பேசும் தலைவி, காதலனைத் தேடி அலமந்து திரிந்த ஆதிமந்தியைப் போலத் தானும் திரிய நேருமோ என்று அஞ்சுகிறாள். அந்த ஆதிமந்தியின் பெயரிலேயே குறுந்தொகையில் 31ஆம் பாடல் உள்ளது. வீரர் கூடும் விழாக்களிலும் மகளிர் ஆடும் துணங்கையிலும் தலைவனைத் தேடிக் காணாத பெண்ணின் பேச்சு அது. அதற்கு அடுத்த கண்ணி ஔவையார். அகநானூற்று 147ஆம் பாடலில் அவர் படைத்த தலைவி, வெள்ளிவீதியைப் போலப் புறப்பட்டுச் செல்ல விழைகிறாள். ஆதிமந்தியின் நிலையை வெள்ளிவீதியாரும், வெள்ளிவீதியாரின் நிலையை ஔவையாரும் தத்தம் தலைவியர் வாயிலாகத் தொட்டுப் பேசுகிறார்கள். ஒருவர் தம் துயரை அளந்து பார்க்க மற்றொருவரின் துயர் அளவுகோலாகிறது. இவ்வாழ்க்கைக் குறிப்புகளை வரலாறாகக் கொள்ள வேண்டும் என்று நாம் வாதிடவில்லை. பாடலைக் கொண்டே பிற்காலத்தார் சில செய்திகளைப் புனைந்திருத்தலும் கூடும். தமிழ்ப் பெண்பாற் புலவர் தம்மைப் பற்றிய உண்மைக்குச் செல்ல ஒருவர் வழியாக மற்றொருவரை நாடினர் என்பதற்குப் பாடல்களே போதும்.

சங்கப் புலவருள் இயற்பெயர் மறைந்து போனவர்களுக்குத் தொகுத்தோர் பெயரிட்ட முறையும் நம் பொருளுக்கு அணுக்கமானது. செம்புலப் பெயனீரார், அணிலாடு முன்றிலார், மீனெறி தூண்டிலார், ஓரேருழவனார், தேய்புரிப் பழங்கயிற்றினார் ஆகிய பெயர்கள் அவரவர் பாடலில் உள்ள உவமையிலிருந்தோ தொடரிலிருந்தோ எடுக்கப்பட்டவை. கடைசியாகக் கூறப்பட்டவரின் பாடல் நற்றிணையில் 284ஆவதாக உள்ளது. பொருள் தேடுவதா, காதலியிடம் திரும்புவதா என்று நெஞ்சும் அறிவும் இருபுறம் இழுக்க, இரண்டு யானைகள் பற்றி இழுக்கும் தேய்ந்த பழங்கயிறாகத் தன் உடம்பைக் காண்கிறான் தலைவன். அவர் பிறந்த ஊரோ குலமோ நமக்கு எஞ்சவில்லை. எஞ்சியது கயிறு. செய்யப்பட்ட பொருள் செய்தவருக்குப் பெயர் கொடுத்திருக்கிறது.

பக்திக் காலத்திலும் இவ்வழி தொடர்ந்தது. நம்மாழ்வார் பராங்குச நாயகியாகவும் திருமங்கையாழ்வார் பரகால நாயகியாகவும் நின்று பாடினர். பெரியாழ்வார் யசோதையின் நிலையில் நின்று குழந்தையைச் சீராட்டினார். மாணிக்கவாசகர் திருவெம்பாவையில் நீராடச் செல்லும் பெண்களின் குரலை ஏற்றார். பாரதியாரின் கண்ணன் பாட்டு முதன்முதலில் 1917இல் நூலாக வெளிவந்தது. அதில் கண்ணன் தோழன், தாய், தந்தை, சேவகன், குழந்தை, காதலன் எனப் பல வடிவங்களில் வருகிறான். கண்ணன் மாறும்தோறும் பாடுபவரும் மாற வேண்டியிருக்கிறது என்பதைத்தான் நாம் போதுமான அளவு கவனிப்பதில்லை. சேவகனாக வந்த கண்ணனிடம் பேசும் வீட்டுத் தலைவரும் கண்ணம்மா என்னும் குழந்தையைக் கொஞ்சுபவரும் ஒரே மனிதரின் இரு முகங்கள்.

இவையெல்லாம் பெரும்புலவர்க்கே உரியவை என்று கருத வேண்டா. எழுத்தறியாத பெண்கள் ஒப்பாரியில் இதனையே செய்தனர். 'ஒப்புச் சொல்லி அழுதல்' என்ற வழக்கே உண்டு. இழவு வீட்டில் கூடும் பெண்கள் இறந்தவரைப் பாடி அழத் தொடங்குகிறார்கள். சற்று நேரத்தில் தம் பிறந்த வீட்டையும், என்றோ இழந்த குழந்தையையும், தம்மைக் கைவிட்ட உடன்பிறப்பையும் பாடுகிறார்கள். அடிகள் வழிவழி வந்தவை. உவமைகளும் பொதுவானவை. ஆனால் எந்த அடியில் குரல் உடைகிறது என்பது அவரவர்க்கே உரியது. கடல் கடந்து மலாயாவின் இரப்பர்த் தோட்டங்களுக்கு வந்தோர் இவ்வழக்கையும் தாலாட்டையும் உடன் கொண்டுவந்தனர். தம் வாழ்க்கையைப் பற்றித் தனியே அமர்ந்து சிந்திக்கப் பொழுதில்லாதவர்களுக்கு வேறொருவரின் இழவுதான் அதற்கு இடமளித்தது.

தற்கால உளவியலிலிருந்து ஒரு செய்தியை மட்டும் சேர்த்துக்கொள்வோம். அமெரிக்க உளவியலாளர் ஜேம்ஸ் பென்னிபேக்கர் 1986இல் ஓர் ஆய்வை வெளியிட்டார். கல்லூரி மாணவர்கள் தொடர்ந்து நான்கு நாள், நாளுக்குப் பதினைந்து நிமிடம், தம்மைப் பாதித்த நிகழ்ச்சிகளைப் பற்றி எழுதினர். நிகழ்ச்சியையும் அதனோடு இயைந்த உணர்வையும் சேர்த்து எழுதியோர் பின்வந்த மாதங்களில் மருத்துவ நிலையத்தை நாடியது குறைந்தது. அதன்பின் இத்தகைய ஆய்வுகள் பல நடந்தன. அவற்றை ஒருங்கே தொகுத்து நோக்கியபோது விளைவு உண்டு எனினும் அது சிறிதே எனத் தெரிந்தது. எனவே எழுத்தை மருந்தாக விற்போரிடம் நாம் எச்சரிக்கையாக இருத்தல் வேண்டும். மொழியியலாளரை ஈர்ப்பது வேறொன்று. 2003இல் கேம்பெல் என்பவருடன் இணைந்து பென்னிபேக்கர் வெளியிட்ட ஆய்வு, எழுதியோரின் சொற்களையே எண்ணிப் பார்த்தது. நாளுக்கு நாள் பிரதிப்பெயர்களைப் பயன்படுத்தும் முறை மாறியவர்களிடம், அதாவது 'நான்' என்பதிலேயே நில்லாமல் பிறரைக் குறிக்கும் சொற்களுக்கும் சென்று வந்தவர்களிடம், உடல்நல முன்னேற்றம் மிகுதியாகக் காணப்பட்டது. ஒரே இடத்தில் நில்லாமல் வேறோர் இடத்தில் நின்று பார்ப்பது பயன் தருகிறது என்று இதனை விளக்கலாம். கூற்று என்னும் ஏற்பாடு நமக்கு அதனையே கற்றுத்தந்தது.

இனி நம் வகுப்பறைக்கு வருவோம். சிங்கப்பூரின் 2020ஆம் ஆண்டு மக்கள்தொகைக் கணக்கெடுப்பில், இந்திய இனத்தவருள் வீட்டில் ஆங்கிலத்தையே மிகுதியாகப் பேசுவோர் ஏறத்தாழ 59 விழுக்காட்டினர். தமிழை அவ்வாறு பேசுவோர் ஏறத்தாழ 28 விழுக்காட்டினர். மலேசியாவில் ஐந்நூற்றுக்கும் மேற்பட்ட தமிழ்த் தொடக்கப்பள்ளிகள் இருப்பதால் அங்கு நிலைமை வேறு. எனினும் இடைநிலைப்பள்ளிக்குச் சென்றபின் தமிழ் அங்கும் ஒரு பாடமாகச் சுருங்கிவிடுகிறது. இத்தகைய சூழலில் வளரும் மாணவருக்கு எழுத்துத்தமிழின் 'நான்' தம் குரலாகத் தோன்றுவதில்லை. "நான் மிகவும் மகிழ்ச்சியடைந்தேன்" என்று எழுதும் கைக்கு உரியவர் வாழ்நாளில் ஒருமுறையேனும் அவ்வாறு பேசியிருப்பாரா? அவரிடம் போய் 'உன் சொந்தக் குரலில் எழுது' என்றால் அவர் ஆங்கிலத்திற்குத்தான் செல்வார். அதில் அவருடைய குற்றம் ஒன்றும் இல்லை.

இந்த அயன்மையையே நாம் வாயிலாகக் கொள்ளலாம் என்பது நம் கருத்து. எழுத்துத்தமிழ் வேறொருவரின் குரல் போல் ஒலிக்கிறது என்றால், அந்த வேறொருவர் யார் என்று முடிவு செய்துகொண்டு எழுதலாமே. ஒருவர் எதிர்வினா எழுப்பக்கூடும். மனனம் செய்த மாதிரிக் கட்டுரையும் பிறர் குரல்தானே, அதனால் எந்த மாணவர் தம்மை அறிந்தார்? நல்ல வினா. மாதிரிக் கட்டுரையில் பேசுபவர் என்று ஒருவர் இல்லை. கேட்பவரும் இல்லை. கதிரவன் தன் பொற்கதிர்களை வீசுவான், பறவைகள் இன்னிசை எழுப்பும். அதைக் கண்டவர் எவரும் அங்கு இருப்பதில்லை. கூற்று என்பதில் ஆள் உண்டு, இடம் உண்டு, அந்த நேரத்தில் அவர் சொல்லியே ஆக வேண்டிய தேவை உண்டு. இரண்டும் இரவல்தான் எனினும், ஒன்று வெறும் சட்டை, மற்றொன்று ஆள் அணிந்த சட்டை.

வகுப்பில் இதனைச் செய்து பார்க்க விரும்பும் ஆசிரியர்க்கு ஒரு வழி கூறுவோம். மாணவர் தம்மைப் பற்றி எழுத வேண்டா. தம் வீட்டில் உள்ள மூத்தவர் ஒருவரின் கூற்றாக எழுதட்டும். அடுக்குமாடி வீட்டில் பகல் முழுதும் தனித்திருக்கும் பாட்டி, பள்ளியிலிருந்து வந்து கதவை அடைத்துக்கொண்ட பேரப்பிள்ளையிடம் மூடிய கதவின் முன் நின்று பேசுகிறார். பத்து வரிகள் போதும். பாட்டியின் பேச்சு அவர் பேசும் தமிழிலேயே இருக்கட்டும். 2005இல் சிங்கப்பூரில் தமிழ்மொழிப் பாடத்திட்டத்தை மறுஆய்வு செய்த குழு பேச்சுத்தமிழுக்கு வகுப்பறையில் இடம் வேண்டும் என்று வலியுறுத்தியது. அந்த இடத்தை உரையாடல் பயிற்சியோடு நிறுத்திவிட வேண்டியதில்லை. எழுத்தின் கட்டுப்பாடாக ஒன்றிரண்டை விதிக்கலாம். 'அன்பு', 'கவலை', 'தனிமை' ஆகிய சொற்கள் வரக்கூடாது. வீட்டிலுள்ள பொருள் ஒன்று கட்டாயம் வர வேண்டும். யாப்பின் பணியை இவ்விதிகள் செய்யும். உணர்வுப்பெயர்கள் தடுக்கப்பட்டதால் மாணவர் பொருள்களிடம் போவார். ஆறிய தேநீரோ, மடித்து வைத்த துணியோ, எடுக்கப்படாத கைப்பேசியோ அங்கே வந்து நிற்கும். மெய்ப்பாடு என்பதில் உள்ள 'மெய்' உடம்பையும் உண்மையையும் ஒருங்கே குறிப்பது ஏன் என்று அப்போது விளக்கினால் மாணவர்க்கு எளிதில் விளங்கும்.

இரண்டாம் பாடவேளையில் அதே காட்சியைக் கதவுக்கு உள்ளே இருப்பவரின் கூற்றாக எழுதச் செய்யலாம். முதலில் பாட்டியாக நின்று தம்மையே வெளியிலிருந்து பார்த்துவிட்ட மாணவர், இம்முறை 'நான்' என்று தொடங்கும்போது பழைய இடத்தில் இருக்க மாட்டார். தான் என்னும் சொல் திரும்பி நோக்குவதற்கு இப்போது ஒருவர் கிடைத்திருக்கிறார்.

மதிப்பிடும்போது ஒன்றில் கவனம் தேவை. ஏதேனும் ஒரு வரியில் பாட்டியின் பேச்சு திடீரென்று மாறி, மாணவரின் பேச்சு போல ஒலிக்கக்கூடும். சொல்வழக்கு பிறழும். சில வேளை மலாய்ச் சொல்லோ ஆங்கிலச் சொல்லோ புகும். அதனைச் சிவப்பு மையால் சுழிப்பதற்கு முன் இருமுறை படிக்க வேண்டும். ஒப்பாரியில் குரல் உடையும் அடி அதுவாக இருக்கலாம். 'இது உன் வீட்டில் நடந்ததா' என்று வகுப்பின் நடுவே வினவுதலும் ஆகாது. இயற்பெயர் சுட்டலாகாது என்ற விதி பாடலுக்கு அழகு சேர்த்ததோடு, பாடியவருக்குப் பாதுகாப்பாகவும் இருந்தது. பதின்மூன்று வயதுப் பிள்ளைக்கு அந்தப் பாதுகாப்பு இன்னும் மிகுதியாகத் தேவைப்படுகிறது. தீங்கிற்கு ஆளாகிறார் என்று ஐயுறத்தக்க செய்தி எழுத்தில் தென்பட்டால் மட்டும், ஆசிரியர் அவரைத் தனியே அழைத்துப் பேசிப் பள்ளி ஆலோசகரிடம் கொண்டுசெல்ல வேண்டும். மற்றபடி தாளைத் திருப்பித் தரும்போது, அந்த ஒரு வரியின் ஓரத்தில் சிறு புள்ளி ஒன்றை வைத்தால் போதும்.